சிந்தூரியின் பரிசோதனை அட்டை

கண்ணா,

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை நீ பால்கனியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாய். வளைகுடாவில் நீ சேரப்போகும் குதிரை லாயத்தின் தலைமை மருத்துவர் உன்னிடம் வேலைக்கான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை. நம் தொம்மலூர் வீட்டில் பால்கனிக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான். எண்டியூரன்ஸ் ரைடில், நெடுந்தூர ஓட்டத்தில், குதிரை ஓட்டிய அனுபவம் உண்டா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். நீ ஆங்கிலத்தில் பதில் சொன்னாய். ஓட்டியிருக்கிறேன், பதினெட்டு வயதில் கண்மூடித்தனமாக வேகமாக ஓட்டி ஒரு குதிரையைக் கொன்றுவிட்டேன், அதனால்தான் குதிரை வைத்தியத்துக்கே வந்தேன் என்று. உன் குரலில் நடுக்கம் இல்லை. பல தடவை சொல்லிப் பழகிய விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாய்.

என் கை புளித்தண்ணீரிலேயே நின்றுவிட்டது. ஏழு வருஷமாக நீ இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். நடந்தது உனக்குத் தெரியும், என்மேல் கோபம் இருக்கிறது, அம்மாவாயிற்றே என்று வாயைத் திறக்காமல் இருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகக்கூட இருந்தது. உன் மௌனத்தை எனக்குக் கிடைத்த தண்டனையாக எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டேன். நீயோ தண்டனையை உனக்கே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய். கண்ணா, நீ போனில் சொன்னது உண்மை இல்லை. சிந்தூரி செத்தது உன் வேகத்தால் அல்ல. அதை விளக்கமாக எழுதத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி.

தொண்ணூற்றொன்றில் நான் அரசாங்க வேலையை விட்டுவிட்டுக் குதிரைகளுக்கு மட்டும் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன். அப்போது உனக்குப் பத்து வயது. பேங்க் வேலை முடிந்து வந்து உனக்குச் சோறு போட்டதும் வீட்டுப்பாடம் பார்த்ததும் உன் அப்பாதான். எனக்குத் தெரிந்து அந்த வேலையில் பெங்களூரில் வேறு பெண் இல்லை. ஒரு நாள் சர்ஜாபுரம் பக்கத்தில் ஒரு பெரிய மனிதரின் குதிரைக்குக் காலில் தசைநார் வீங்கியிருந்தது. இரண்டு மாதம் ஓய்வு வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னிடம் தலையாட்டினார். என் முதுகுக்குப் பின்னால் தன் ஆளிடம், "லேடி டாக்டர், பயந்துக்கிட்டு அப்படித்தான் சொல்வாங்க" என்றார். வேறு டாக்டரைக் கூப்பிட்டார். அந்த டாக்டரும் இரண்டு மாதம் என்றுதான் சொன்னார். அவர் சொன்னபோது அது வைத்தியமாக இருந்தது, நான் சொன்னபோது பயமாக இருந்தது. இது மாதிரி நான்கைந்து தடவை பட்ட பிறகு நான் ஒன்று கற்றுக்கொண்டேன். என் அபிப்பிராயத்தைச் சொல்லக் கூடாது, எண்ணைச் சொல்ல வேண்டும். காய்ச்சல் இத்தனை டிகிரி, நாடித்துடிப்பு இத்தனை. எண்ணோடு யாரும் சண்டை போடுவதில்லை. அந்தப் பழக்கம் என்னைக் காப்பாற்றியது. பிறகு அதற்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளவும் பழகிவிட்டேன்.

எண்பது கிலோமீட்டர் எண்டியூரன்ஸ் ரைடு ஒன்றை நம் ஊரிலேயே நடத்த வேண்டும் என்று ரெட்டி சார் கிளம்பியது தொண்ணூற்றெட்டில். ஹெப்பகோடிக்கு அப்பால் அவருடைய பண்ணையும் லாயமும் உனக்குப் பரிச்சயமானவை. நீ குதிரை ஏறப் பழகியதே அங்கேதான். விதிமுறைகளை முடிவுசெய்யும் கமிட்டியில் மூன்று பேர்: ரெட்டி சார், நான், ஜூடித். ஜூடித்தின் கணவருக்கு இங்கே ஒரு கம்பெனியில் மூன்று வருஷ வேலை. ஆஸ்திரேலியாவில் அவளுடைய குடும்பமே தலைமுறை தலைமுறையாக நெடுந்தூரம் குதிரை ஓட்டுகிறவர்கள். கையில் லாயத்து அழுக்கு போகாத பெண். எனக்கு அவளை முதல் நாளிலேயே பிடித்துவிட்டது.

பண்ணை வீட்டு வராந்தாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூன்று பேரும் வாதாடினோம். மேஜைமேல் ஒவ்வொரு நாட்டு விதிப்புத்தகமும் கிடந்தது. ஒரே விளையாட்டுக்கு நாட்டுக்கு நாடு மனசு எப்படி மாறுகிறது என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அமெரிக்காவில் தன் வீட்டுக் கொல்லையில் வளர்த்த குதிரையோடு யார் வேண்டுமானாலும் வரலாம். கடைசி ஆளாக வந்தாலும், குதிரை நல்லபடியாக இருந்தால் அவரும் ஜெயித்தவர்தான். ஓடி முடித்தவற்றில் எந்தக் குதிரை உடம்பு தளராமல் இருக்கிறது என்று பார்த்து அதற்குத் தனிப் பரிசு, அதைத்தான் பெரிய கௌரவமாக நினைக்கிறார்கள். பிரான்சில் புதிதாக வருகிறவர் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வருஷக்கணக்கில் மெதுவாக ஓட்டிக் காட்டிய பிறகுதான் வேகமாகப் போகும் உரிமை. வளைகுடாவிலோ சமதரையான மணல் பாதை, பக்கத்திலேயே வண்டிகள், ஓடும் குதிரைமேல் ஊற்றத் தண்ணீர் பாட்டில்களோடு ஆட்கள், வேகம்தான் எல்லாம். ரெட்டி சார் அதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வந்து மயங்கிக் கிடந்தார்.

பெரிய சண்டை, ஓட்டத்தின் நடுவே குதிரையை எப்போது பரிசோதிப்பது என்பதில்தான். ஜூடித் சொன்னாள்: "எங்கள் ஊரில் குதிரை வந்து சேர்ந்ததும் கடிகாரத்தை நிறுத்திவிடுவோம். சரியாக அரை மணி கழித்துத்தான் டாக்டர் பார்ப்பார். எல்லோருக்கும் அதே அரை மணி. பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றி அவசரமாகத் துடிப்பை இறக்கிக் காட்டுவதால் ஒரு லாபமும் கிடையாது. அரை மணிக்குப் பிறகு அந்த உடம்பு பொய் சொல்லாது."

"அது எப்படி மேடம்?" என்றார் ரெட்டி சார். "சீக்கிரம் ஆறுற குதிரைதானே நல்ல குதிரை? சர்வதேச விதி அதைத்தான் சொல்லுது. துடிப்பு அறுபத்துநாலுக்கு இறங்கினதும் காட்டு, அதுவரைக்கும் கடிகாரம் ஓடட்டும். நாளைக்கு நம்ம பசங்க வெளிநாடு போய் ஓட்டணும்னா அதுலதானே பழகணும்? சொல்ப யோசனை பண்ணுங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஜூடித் இன்னொன்றும் சொன்னாள். தன் ஊரில் டாக்டர் என்பவர் கடைசித் தடுப்பு மட்டும்தான், குதிரைக்கு முதல் பொறுப்பு அதன்மேல் உட்கார்ந்திருப்பவர்தான் என்று. இந்த ஒன்றை ரெட்டி சாரும் ஒத்துக்கொண்டார். கடைசியில் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சர்வதேச விதியைத் தேர்ந்தெடுத்தேன். அறுபத்துநாலு, ஓடும் கடிகாரம். அதோடு, ரைடரே முதல் பொறுப்பு என்ற ஜூடித்தின் வரியையும் சேர்த்துக்கொண்டோம். இரண்டு நாட்டு மனசை ஒரே தாளில் ஒட்டினோம். எனக்கு அது மிகவும் பாதுகாப்பாகத் தோன்றியது. ஒரு எண் இருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்வதோடு என் வேலை முடிந்தது, மற்ற பொறுப்பு வேறொருவருடையது. என் தலையில் எதுவும் மிச்சமில்லை.

அந்த வருஷக் கடைசியில் நாற்பது கிலோமீட்டர் ஒத்திகை ஒன்று வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? நீ ரெட்டி சாரின் வெள்ளைக் குதிரையில் வந்தாய். பாதியில் அதன் முன்னங்கால் நடையில் லேசான கோணல். நான் உன்னை நிறுத்தினேன். நீ சேணத்தை அவிழ்த்தாய். ஆனால் நான்கு நாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அதைவிட, அங்கே நின்றவர்கள் பேசிக்கொண்டதுதான் என் காதில் தங்கிவிட்டது. "பெத்த பிள்ளை, பயம் இருக்காதா?" என்றார் ஒருவர். எனக்கு அந்தச் சர்ஜாபுரத்து மனிதர் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன்: "இனிமே ரைடு நடக்கிற இடத்துல நான் அம்மா இல்லை, டாக்டர்." நீ சிரித்துவிட்டு, "சரிங்க டாக்டர்" என்றாய்.

ரைடு நடந்தது தொண்ணூற்றொன்பது பிப்ரவரி கடைசி ஞாயிறு. வெயில் அந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. முப்பது, முப்பது, இருபது என்று மூன்று சுற்று. உனக்குக் கிடைத்தது சிந்தூரி. ஒன்பது வயசுப் பெண் குதிரை, செம்பழுப்பு நிறம், முனீர் பாய் குட்டியிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்தது. வீடு பிரேசர் டவுனில் என்றாலும் அவர் லாயத்திலேயே கிடந்து குதிரைகளைக் கவனிப்பவர். முதல் சுற்று முடிந்து நீ வந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது சுற்று முடிந்து வரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. முனீர் பாய் வாளி வாளியாகப் பனிக்கட்டித் தண்ணீர் ஊற்றினார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் நீ அவளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாய்.

ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன். அறுபத்துநாலு. ஒன்று கூடியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பிறகு ஈறைப் பார்த்தேன். வறண்டு கறுத்திருந்தது. விரலால் அழுத்தி விட்டபோது ரத்தம் திரும்பி வர நேரமாயிற்று. கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்தேன், மடிப்பு அப்படியே நின்றது. வயிற்றின் இடது பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். குதிரையின் வயிறு எப்போதும் ஓயாமல் சத்தம் போடும், உனக்குத் தெரியும். இடது பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. வலது பக்கம் எங்கோ ஒரு சின்ன முணுமுணுப்பு. இப்போது என் வலது காது மந்தமாகிவிட்டது, போன வருஷம்தான் டாக்டர் சொன்னார். அதைச் சாக்காக வைத்து உன்னிடம் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசைகூட வந்தது. வேண்டாம். அன்றைக்கு எனக்குக் காது நன்றாகக் கேட்டது.

முனீர் பாய் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "டாக்டரம்மா, காலையிலேர்ந்து இது சரியா தண்ணி குடிக்கல. வாளியில மூஞ்சிய விட்டுட்டு எடுத்துடுது. ஜரா கொஞ்சம் பாருங்க." நான் தலையாட்டினேன். அவர் சொன்னதற்கு அதற்குமேல் மதிப்புக் கொடுக்கவில்லை.

நீ கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாய். அங்கே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். "டாக்டர்" என்று நீ கூப்பிடவில்லை.

"அம்மா, என்னம்மா சொல்றே? நிறுத்திடட்டுமா?"

நான் சொன்ன பதில் எழுத்து மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பல்ஸ் அறுபத்துநாலு. ரூல்படி பாஸ். போறதும் நிக்கறதும் ரைடரோட முடிவு."

அம்மாவே பாஸ் என்று சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன என்று உனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவனுக்கே தெரியும், நிறுத்துவதானால் அவனே நிறுத்திவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. நீ என்மேல் சாய்ந்தாய், நான் உன்மேல் சாய்ந்தேன். நடுவில் அந்த வாயில்லாத ஜீவன் நின்றது. அட்டையில் குடல் சத்தத்துக்கான கட்டத்தில் "டி" என்று எழுத வேண்டும். ஒரு பக்கம் சத்தமே இல்லாவிட்டாலும் அதுதான். "டி" எழுதினால் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் மறுபடியும், பெற்ற பிள்ளைக்காகப் பயந்தவள். நான், சத்தம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் என்று அர்த்தப்படும் "பி"யை எழுதினேன். இதுதான் கண்ணா நான் செய்தது. அறியாமல் செய்யவில்லை. கை எழுதும்போது எனக்குத் தெரிந்தே எழுதியது.

அதற்குப் பிறகும் நாற்பது நிமிஷ ஓய்வு இருந்தது. புறப்படும் முன் இன்னொரு தடவை காட்டு என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. தூரத்தில் மர நிழலில் அவள் புல்லைத் தொடாமல் தலையைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்த்தேன். ஜூடித்தின் விதிப்படி அரை மணி கழித்துப் பார்த்திருந்தால் துடிப்பு எழுபதைத் தாண்டியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பனிக்கட்டித் தண்ணீர் இறக்கிய துடிப்பு அது, நிற்காது. எனக்கு முன்னால் அடுத்த குதிரை வந்து நின்றது. நான் அதை எண்ண ஆரம்பித்தேன்.

மூன்றாவது சுற்றில் நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொபெட்டில் வந்த ஒருவர் சொல்லி, ரெட்டி சாரின் ஜீப்பில் நாங்கள் வந்து பார்த்தபோது, ஏரிக்கரைக்குக் கீழே நீலகிரி மரத் தோப்பில் சிந்தூரி படுத்திருந்தாள். உன் சட்டையைக் கழற்றி நனைத்து அவள் தலைமேல் போட்டிருந்தாய். அவள் உடம்பில் வியர்வையே இல்லை. பாட்டில் பாட்டிலாகச் சலைனை மரக்கிளையில் கட்டி ஏற்றினேன். முனீர் பாய் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நீ பனியனோடு எதிரில் உட்கார்ந்திருந்தாய். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாய்: "கேட்டேனேம்மா."

நான் சலைன் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

இத்தோடு நின்றிருந்தாலும் அது ஒரு டாக்டரின் தவறு. அடுத்த வாரம் நான் செய்தது அம்மாவின் தவறு. அதை எழுத இந்தப் பேனா வரமாட்டேன் என்கிறது. கமிட்டி அதே வராந்தாவில் கூடியது. அட்டையை ஜூடித் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "குடல் சத்தம் பி என்று இருக்கிறதே, பிறகு எப்படி இவ்வளவு சீக்கிரம்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ரெட்டி சார் சொன்னார்: "பையனுக்கு வயசு அப்படி. கடைசி ரவுண்டுன்னு கொஞ்சம் ஜாஸ்தியா விரட்டியிருப்பான். மேடம் மேல தப்பு ஏதும் இல்ல." நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னார். அவர் திறந்துவிட்ட கதவு வழியாக நான் போய்விட்டேன். பரிசோதனையில் குதிரை தகுதியாக இருந்தது, மூன்றாவது சுற்றில் அளவுக்கு மீறிய வேகமே காரணம் என்று அறிக்கையை என் கையால் எழுதினேன்.

அது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும். நீ புறப்பட்ட நேரம் தாளில் இருந்தது. அவள் நின்றுவிட்ட இடம் எட்டாவது கிலோமீட்டர். ரைடர்களுக்கு வழிகாட்ட அங்கே நின்று கொடி காட்டியவர் நீ வந்த நேரத்தைக் குறித்திருந்தார். எட்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிஷம். அது வேகமே இல்லை, கண்ணா, குதிரையின் வேகமான நடை அவ்வளவுதான். நீ அவளை ஓட்டவே இல்லை. பாதித் தூரம் இறங்கி நடந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று கொடி காட்டியவரே சொன்னார். என் பதிலை நம்பிப் புறப்பட்டாலும், உனக்குச் சந்தேகம் போகவில்லை, அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டிப்போயிருக்கிறாய். அந்தக் கணக்கை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை. உனக்கு ஒரு வருஷத் தடை போட்டார்கள். நீ கையெழுத்துப் போட்டாய். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எழுதினேன் என்பதால், நீ வேகமாகத்தான் போயிருக்க வேண்டும் என்று உன் கால்கள் நடந்ததையே மறந்துவிட்டு நம்பிவிட்டாய் என்று இப்போது புரிகிறது. அம்மாவின் எழுத்துக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு நீ குதிரை ஏறவே இல்லை. பி.காமைப் பாதியில் விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவம் சேர்ந்தாய். அம்மாவைப் பார்த்துப் பிள்ளையும் வந்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டார். காபியை ஆற்றிக்கொண்டே, "நீ எழுதினது சரிதானா?" என்றார். "சரிதான்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். மறுபடி கேட்கவே இல்லை. அவர் போய் மூன்று வருஷமாகிறது. அவர் நம்பினாரா இல்லையா என்று எனக்கு இனிமேல் தெரியவே போவதில்லை.

உன் போன் பேச்சைக் கேட்ட மறுவாரம் பீரோவிலிருந்து சிந்தூரியின் அட்டையையும் நேரம் குறித்த தாளையும் எடுத்துக்கொண்டு ஹெப்பகோடிக்குப் போனேன். ரெட்டி சாருக்கு இப்போது முழங்கால் வலி, லாயத்தில் நான்கு குதிரைகள்தான் மிச்சம். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "எதுக்கு மேடம் இப்ப இதெல்லாம்? யாரும் கேக்கலையே" என்றார். "கேட்டான் சார். அன்னிக்கே கேட்டான்" என்றேன். புதிய அறிக்கை எழுதிக்கொண்டுதான் போயிருந்தேன். இடது பக்கம் குடல் சத்தம் இல்லை என்று தெரிந்தே மாற்றி எழுதியது நான், ரைடர் மெதுவாகத்தான் போனார், தடை போட்டது தவறு என்று. அதை இந்த மாதக் கூட்டத்தில் படிப்பதாக வாங்கிக்கொண்டார். நானும் போய் உட்கார்ந்து கேட்பேன். இனி எந்த ரைடிலும் டாக்டராக நிற்கப் போவதில்லை என்பதையும் அதிலேயே எழுதிவிட்டேன். ஜூடித்துக்கு ஈமெயில் அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. வராமலும் போகலாம்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. ஆனாலும் நீ போகிற இடம் அப்படிப்பட்டது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே ஓடுகிற வேகத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே, அந்த மனிதர்களைக் கெட்டவர்கள் என்றும் நினைக்காதே. குதிரையை உயிராக நேசிக்கிற வம்சங்கள் அங்கே உண்டு. மெதுவாகப் போகிற நாடுகளிலும் குதிரைகள் செத்திருக்கின்றன. நம் ஊரில், நானே உட்கார்ந்து தைத்த விதியில், ஒன்று செத்தது. எந்த நாட்டுப் புத்தகமும் ஒருவிதத்தில் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் பொறுப்பைக் கைமாற்றிவிட ஒரு இடம் இருக்கும். ஓட்டுபவர் பயிற்சியாளரைக் காட்டுவார், பயிற்சியாளர் டாக்டரைக் காட்டுவார், டாக்டர் எண்ணைக் காட்டுவார். அங்கே குதிரை ஒருவருடையது, ஓட்டுவது இன்னொருவர் என்பதால் அந்த இடம் இன்னும் அகலமாக இருக்கும். உன் முன்னால் ஒரு குதிரை நிற்கும்போது, இது யார் முடிவு என்று தேடாதே. வேலை போனாலும் பரவாயில்லை. வேலை போனால் வீட்டுக்கு வா.

லாயத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்களாகத்தான் இருப்பார்கள். விசாவுக்குப் பயந்து வாய் திறக்க மாட்டார்கள். நீயாகப் போய்க் கேள். தண்ணீர் குடித்ததா, தின்றதா, ராத்திரி எப்படி நின்றது என்று அவர்களிடம் கேட்டுவிட்டு அப்புறம் ஸ்டெதஸ்கோப்பை எடு. அப்புறம், உனக்கு இஷ்டமானால், ஒரு நாள் மறுபடி குதிரை ஏறு. உன்னிடமிருந்து நான் பறித்ததில் அதுவும் ஒன்று. குதிரையின் வாயை நோகடிக்காமல் கடிவாளம் பிடிக்கத் தெரிந்த கை உன்னுடையது. அதைப் பெற்றவளாகச் சொல்லவில்லை, இத்தனை வருஷம் இத்தனை பேர் கையைப் பார்த்தவளாகச் சொல்கிறேன்.

மன்னிப்பு கேட்கிறேன் என்று எழுதிவிட்டால் நீ உடனே "விடும்மா" என்று சொல்லிவிடுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். அதனால் அதைக் கேட்கவில்லை. நீ அவசரப்பட்டு எதையும் விட வேண்டாம்.

இதை எழுதி முடித்ததும் மடித்து உன் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ அங்கே போய்ச் சேர்ந்து, பெட்டியைத் திறந்து, படிப்பாய். அதற்குள் நமக்கு நடுவே ஒரு கடல் வந்திருக்கும், உன் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்காது. அந்த எண்ணம் வந்தபோது எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதனால் வைக்கவில்லை. நீ முனீர் பாயிடம் சொல்லிக்கொள்ளப் பிரேசர் டவுன் போயிருக்கிறாய். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாய். சாப்பிட்டு முடித்ததும் இதை உன் கையில் கொடுப்பேன். உன் அறைக்குள் எடுத்துப் போகாதே. கூடத்திலேயே, எனக்கு எதிரில் உட்கார்ந்து படி. நான் எழுந்து போகமாட்டேன்.

அம்மா